பச்சை மூடி போட்ட காற்று

நம் பெட்ரோல் பங்க்கின் ஏர் மெஷின் பக்கம் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் மெஷினை எப்படி ஓட்டுவது என்று நான் சொல்லப்போவதில்லை. அதை மூன்றே நாளில் கற்றிருப்பீர்கள். எண்ணை அமுக்க வேண்டும், குழாயை மாட்ட வேண்டும், கீச்கீச்சென்று கத்தினால் கழற்ற வேண்டும். பதினைந்து வருடம் நான் செய்ததும் அவ்வளவுதான். போன தை மாதம் என் முட்டிகள் இரண்டும் கலந்து பேசி ராஜினாமா கொடுத்துவிட்டன. மற்ற உறுப்புகள் எல்லாம் இன்னும் வேலைக்கு வரத் தயாராகவே இருக்கின்றன. என்ன செய்ய, நம் வேலை முட்டி போடுகிற வேலை.

இனி உங்கள் உலகத்தின் உயரம் இரண்டடி. முகங்களை மறந்துவிடுங்கள். உங்களுக்கு வாய்க்கப்போவது சக்கரங்கள், கதவின் கீழ்விளிம்பு, பாதி இறங்கிய கண்ணாடி வழியாக நீளும் விரல்கள். சேறு பார்த்தால் வெள்ளானூர்ப் பக்கம் புது வீடு கட்டுகிறவர் என்று தெரியும். விளிம்பெல்லாம் உரசியிருந்தால் இப்போதுதான் ஓட்டக் கற்கிறவர். சக்கரம் பேசும். அது பேசினதைக் கேட்டும் நான் வாயை மூடிக்கொண்டிருந்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அதற்கு முன்னால், காற்று அடித்ததும் சிலர் நீட்டுகிற அந்தப் பத்து ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை. ஏரிக்கரையிலிருந்து வருகிற காற்று நம் பங்க்கின் மேல் சும்மா அடித்துக்கொண்டு போகிறது. அதையே பிடித்து, நெருக்கி, குழாய்க்குள் விட்டுச் சக்கரத்தில் அடைக்கிறோம். போர்டில் இலவசம் என்று எழுதியிருக்கிறது. ஆனாலும் குழாயைக் கழற்றியதும் வண்டிக்குள் ஒரு சங்கடம் எழும். சிலர் பையைத் துழாவுவார்கள். சிலருக்குச் சரியாக அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் முக்கியமான செய்தி வந்துவிடும். கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கொடுக்காவிட்டால் டாட்டா காட்டுங்கள். வெயிலில் குந்தியிருக்கிற ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்க ஒருவருக்குத் தோன்றுவதில் பாவம் ஒன்றுமில்லை. அதை எதிர்பார்த்துக் கை நீள்வதில்தான் சிக்கல்.

இப்போது கதை. அப்போதுதான் நம் பங்க்கில் நைட்ரஜன் மெஷின் வந்து இறங்கியிருந்தது. இலவச ஏர் மெஷினுக்குப் பக்கத்திலேயே, அதற்குத் தனிக் கூண்டு, தனி விளக்கு, டயர் நீடித்து உழைக்கும் என்று தனி போர்டு. டயருக்கு முப்பது ரூபாய். அடித்து முடித்ததும் சக்கரத்தின் வாயில் கறுப்பு மூடிக்குப் பதிலாகப் பச்சை மூடி போட வேண்டும். காற்று கண்ணுக்குத் தெரியாதல்லவா, மூடியாவது தெரியட்டும் என்று யாரோ கெட்டிக்காரர் யோசித்திருக்கிறார்.

இரண்டு மெஷினுக்கும் நான் ஒருத்திதான். நைட்ரஜன் பக்கம் எப்படி வேலை செய்வது என்று கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து அரைநாள் சொல்லிக்கொடுத்தார். ஓட்டுநர் கதவைத் திறக்கச் சொல்லி, உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் தாளைப் படிக்க வேண்டும். அந்த வண்டிக்கு எவ்வளவு காற்று என்று வண்டி செய்தவர்களே அதில் எழுதியிருப்பார்கள். அந்த அளவுதான் அடிக்க வேண்டும். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியையும் கேட்க வேண்டும். டயரின் தேய்மானத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். காசு வாங்குகிறோமே.

இலவசப் பக்கம் இந்தச் சடங்கெல்லாம் கிடையாது. அவர்கள் எண் சொல்வார்கள், நான் அடிப்பேன். நடுவில் இருந்த இடைவெளி எட்டடி. எட்டடி நகர்ந்தால் நான் வேறு பெண். வலது பக்கம் படித்தவள், இடது பக்கம் பம்ப்.

இனி ஃபோர்மேன் சார் வருகிறார். டிஃபென்ஸ் ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பேர் வேறு ஏதோ, ஆனால் குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்து நம் பங்க் வரைக்கும் அவர் ஃபோர்மேன்தான். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒரு சின்ன வெள்ளைக் கார், பக்கத்து இருக்கையில் மனைவி. பல வருடமாக மாதம் இரண்டு முறை இலவசப் பக்கம் வந்து நிற்பார். கண்ணாடியை இறக்கி ஒரே சொல் சொல்வார்: நாற்பது. எதையும் இறுக்கமாக வைத்தால்தான் நிற்கும் என்பது அவர் ஃபேக்டரியில் கற்ற வேதம். நான் நாற்பது அடிப்பேன். குழாயை மாட்டும்போதெல்லாம் அவர் டயர்களைப் பார்ப்பேன். ஓரங்கள் புதிதாக இருக்க, நடுவில் மட்டும் ஒரு கோடாக வழுக்கை விழுந்திருக்கும். காற்று அதிகமானால் டயர் வயிறு புடைத்து நடுப்பாகத்தில் மட்டும் ஓடும்; அங்கேதான் தேயும். கம்பெனிக்காரர் வந்து சொல்வதற்கு முன்பே எனக்கு அது தெரியும். தெரிந்தும் அடித்தேன். அவர் நாற்பது கேட்டார், நாற்பது கொடுத்தேன், இதில் எனக்கென்ன என்றுதான் நினைத்தேன்.

மெஷின் வந்த மூன்றாவது மாதம் நைட்ரஜன் பிரிக்கும் பகுதி கெட்டுப்போனது. சாமான் வர நாளாகும் என்றார்கள். விளக்கை அணைத்துவிட்டு போர்டைத் திருப்பி வைத்திருக்கலாம். நம் சூப்பர்வைசர் அப்போது இளந்தாரி, மூளை நாலு பக்கமும் ஓடும். முதலாளிக்குத் தெரியாமல் பின்பக்கமாக ஒரு குழாயை இழுத்து, இலவச மெஷினின் காற்றையே நைட்ரஜன் கூண்டுக்குள் விட்டுவிட்டார். இது தப்பில்லையா என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "இன்னாக்கா நீ, பேப்பர் படிக்கிறவ. காத்துல முக்கா பங்கு நைட்ரஜன்தான். தானாவே கீது. பாக்கி கால் பங்குக்கு இன்னாத்துக்கு இவ்ளோ யோசிக்கிற?"

கணக்கில் பிழையில்லை. அதுதான் அதில் உள்ள விஷமே. கடைசிவரை சரியாகப் போகிற ஒரு கணக்கைப் போட்டு மனிதர்கள் தவறான இடத்துக்குப் போய்ச் சேர முடியும் என்று அன்று கண்டேன். கண்டும் குழாயைக் கையில் எடுத்தேன். வேலை போனால் வேறு வேலை தேட வேண்டுமே என்ற பயம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

அந்தக் குழாய்க்கு வந்த இரண்டாவது வண்டி ஃபோர்மேன் சாருடையது. போர்டைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்திருக்க வேண்டும். நாற்பது என்றார். நைட்ரஜன் பக்கம் நான்தான் படித்தவளாயிற்றே, கதவைத் திறக்கச் சொன்னேன். தாளில் முப்பது என்று இருந்தது. அதுதான் இங்கே சட்டம் என்றேன். விஞ்ஞானத்துக்கு முன்னால் அவர் அடங்கிப்போனார். நான்கு சக்கரத்திலும் பழைய காற்றை இறக்கி, அதே காற்றை முப்பது அளவில் ஏற்றி, நான்கு பச்சை மூடி போட்டு, நூற்றிருபது ரூபாய் வாங்கினேன். அவர் இறங்கி நின்று மூடிகளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, காது குத்திய பேத்தியைப் பார்ப்பதுபோல் இருந்தது.

பத்து நாள் கழித்து பெட்ரோல் போட வந்தவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு என்னிடம் நடந்தே வந்தார். வண்டி மிதக்கிறது என்றார். வேகத்தடை இருந்த இடமே தெரியவில்லை என்றார். காலை நடையில் கூட வரும் ஓய்வுபெற்ற நண்பர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டாராம். வரும் ஞாயிற்றுக்கிழமை ஏழு கார்களில் குடும்பத்தோடு ஏலகிரி போகிறார்கள். போகும் வழியில் ஏழு வண்டிக்கும் நைட்ரஜன் அடித்துவிட்டுத்தான் ஹைவேயில் ஏறுவது என்று தீர்மானம் ஆகிவிட்டது. நான் சிரித்தேன். என்ன சிரிப்பு என்று கேட்காதீர்கள்.

ஞாயிறு காலை ஆறரை. சாமான் வரவில்லை, மெஷின் சரியாகவில்லை. ஏரிப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று சும்மாவே அடித்துக்கொண்டிருந்தது. ஏழு கார்களும் வரிசை கட்டி உள்ளே வந்தன. முதல் வண்டியில் ஃபோர்மேன் சார், இஸ்திரி போட்ட சட்டை, தலையில் தொப்பி. பின்னாலிருந்த ஆறு கார்களிலிருந்தும் பெரியவர்கள் இறங்கி, நைட்ரஜன் கூண்டைக் கோயில் தேர்போலச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவர் அதோடு படம் எடுத்துக்கொண்டார்.

சூப்பர்வைசர் என் காதருகே வந்து, முதலாளி வீட்டிலிருந்து கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார் என்று ஞாபகப்படுத்தினார். நைட்ரஜன் கஸ்டமர் ஒருவரைத் திருப்பி அனுப்பினாலும் அனுப்பினவர் மறுநாள் வர வேண்டாம் என்று முதலாளி அந்த வாரம்தான் சொல்லியிருந்தார். "ஏழு வண்டிதான்க்கா. அடிச்சு உட்டுகினே இரு. ஒண்ணும் ஆவாது."

முதல் சக்கரத்தின் முன் குந்தினேன். பச்சை மூடியைத் திருகிக் கழற்றினேன். அப்போது முன்னிருக்கையிலிருந்து ஃபோர்மேன் சாரின் மனைவி தலையை வெளியே நீட்டினார். அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"எம்மா, நீ நல்லாருக்கணும். காத்து மாத்துனதுலருந்து எனக்கு இடுப்பு வலி இல்ல, பாத்துக்க."

இப்படி ஒரு வாழ்த்தைச் சுமந்துகொண்டு குழாயை மாட்டிப் பாருங்கள், மாட்ட வராது. அந்த அம்மாவின் இடுப்பு பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது மூடி. இன்னும் ஆறு வண்டி, இருபத்துநான்கு மூடி. அத்தனை பேரும் இந்த மனிதர் சொல்லை நம்பி வந்தவர்கள். என்றைக்காவது இது வெளியே வரும். வருகிற அன்று ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்காது, ஃபேக்டரியில் நூறு பேரை மேய்த்த இந்த ஃபோர்மேனைப் பார்த்துத்தான் சிரிக்கும்.

"சார், கொஞ்சம் இப்படி குந்துங்க. டயர்ல ஒண்ணு காட்டணும்" என்றேன்.

தொப்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார். பின்னால் நிற்பவர்களுக்கு நாங்கள் டயரை ஆராய்வதாகத்தான் தெரிந்திருக்கும். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மெஷின் மூன்று வாரமாகக் கெட்டுக் கிடக்கிறது என்றும், அவருக்கு அடித்ததும் பக்கத்து மெஷினின் அதே இலவசக் காற்றுதான் என்றும், மூடி மட்டும்தான் பச்சை என்றும். மூன்று வாக்கியம். மூன்றும் முடிய ஒரு யுகம் ஆனது.

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. டயரின் மேல் கையை வைத்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல.

"அப்ப வண்டி மிதந்தது?"

"அளவு சார். நாப்பதுல கல்லு மாரி இருந்துது. முப்பதுல டயரு டயரா இருக்குது. இது பாருங்க, நடுவுல மட்டும் தேஞ்சிருக்கு. ரொம்ப நாளா காத்து ஜாஸ்தி."

"ரொம்ப நாளான்னா?"

"நான் பாக்க ஆரம்பிச்சதுலருந்து சார்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். இரண்டடி உலகத்தில் ஒரு முகம் இவ்வளவு கிட்டே வருவது அபூர்வம்.

"அத்தன வருசம் பாத்திருக்க. ஏன் சொல்லல? நான் காசு குடுக்கலன்னுதானா?"

கழற்றின பச்சை மூடியை அவர் கையில் வைத்தேன். காசை எதிர்பார்த்து நான் சும்மா இருந்ததில்லை, அது சத்தியம். ஆனால் காசு வாங்கும் எட்டடித் தூரத்தில் மட்டும் என் கண் திறந்திருந்தது என்பதும் சத்தியம். பச்சை மூடி போட்டு ஏமாற்றினோமே என்ற குற்றம் எனக்கு அன்று காலை வரைதான் பெரிதாக இருந்தது. அவர் கேட்டபிறகு, அதைவிடப் பழைய குற்றம் ஒன்று எழுந்து நின்றது. இலவசப் பக்கம் வந்த எல்லோருக்கும் காற்றை மட்டும் கொடுத்தேன், கவனத்தை உள்ளே வைத்துக்கொண்டேன்.

அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நேராக நண்பர்களிடம் போனார். இந்த இடத்தில் என் வேலை போய்விட்டது என்று மனதுக்குள் டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் ஏதாவது சமாளிப்பார், இன்றைக்கு வெயில் சரியில்லை, நைட்ரஜன் கூடாது என்பார் என்றும் ஒரு நப்பாசை. நூறு பேரை மேய்த்தவருக்குச் சமாளிக்கவா தெரியாது.

அவர் சமாளிக்கவில்லை. பங்க் முழுக்கக் கேட்கிற குரலில், ஷிஃப்ட் ஆரம்பத்தில் ஆட்களிடம் பேசுவதுபோலப் பேசினார். நைட்ரஜனும் இல்லை ஒன்றும் இல்லை, வண்டி வாங்கின நாளிலிருந்து நான் காற்றைத் தப்பாக அடித்திருக்கிறேன், இந்தப் பெண் சரியாக அடித்தது, வித்தியாசம் அவ்வளவுதான் என்றார். கூண்டோடு படம் எடுத்துக்கொண்டவர் முதலில் சிரித்தார். சிரிப்பு ஒவ்வொரு காராகத் தாவிக் கடைசி வண்டி வரை போனது. மதில் மேலிருந்த காகம் எழுந்து பறந்தது.

எல்லாவற்றையும் காருக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா கதவைத் திறந்து இறங்கினார்.

"வண்டி தூக்கித் தூக்கிப் போடுது, போடுதுன்னு எத்தன வருசமா சொல்லுதேன். ரோடு சரியில்லம்பாக. நூத்திருவது ரூவா குடுத்தாதான் இவுகளுக்கு எம் பேச்சு காதுல ஏறுது."

ஃபோர்மேன் சார் தொப்பியைக் கழற்றி அவருக்கு ஒரு கும்பிடு போட்டார். அதற்குப் பிறகுதான் அவர் ஃபோர்மேன் ஆனதன் காரணம் எனக்குப் புரிந்தது. ஏழு வண்டியையும் இலவசப் பக்கம் திருப்பினார். ஒவ்வொருவரையும் ஓட்டுநர் கதவைத் திறக்கச் சொல்லி, தாளை உரக்கப் படிக்க வைத்தார். அதில் இரண்டு வரிசை இருக்கும், ஆள் குறைவான அன்றைக்கு ஒன்று, வண்டி நிறைய ஆளும் மூட்டையுமாகப் போகும் அன்றைக்கு ஒன்று. இன்றைக்கு மூட்டையோடு போகிறோம், இரண்டாவது வரிசையைப் படியுங்கள் என்று அதட்டினார். கண்ணாடியை மறந்து வந்தவருக்கு அடுத்தவர் படித்துச் சொன்னார். டிக்கி நிறைய இட்லிப் பாத்திரமும் போர்வையும் இருந்ததைக் கீழே இறக்கவைத்து ஏழு ஸ்டெப்னியையும் பார்த்தோம். அதில் இரண்டு, பையன்கள் உதைத்துப் போட்ட பழைய கால்பந்துபோல அமுங்கிக் கிடந்தன. அவை அப்படியே மலை ஏறியிருக்கும். முப்பத்தைந்து சக்கரம். என் முட்டிகள் அன்றுதான் முதல் கடிதத்தை எழுதின என்று நினைக்கிறேன்.

எங்கள் சூப்பர்வைசர் நடுவில் எப்போதோ வந்து, பேசாமல் பாத்திரங்களைத் தூக்கி மறுபடி டிக்கியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. கணக்கில் கெட்டிக்காரர், அவ்வளவுதான்.

ஏழு வண்டியும் இலவசப் பக்கம் திரும்பியதைக் கேமராவில் பார்த்துவிட்டு முதலாளி அன்று மத்தியானமே வந்தார். பின்பக்கக் குழாயைத் தன் கையாலேயே பிடுங்கினார். எங்கள் இருவரையும் நிற்கவைத்துக் கேட்ட கேள்விகளை நீங்கள் கேட்க வேண்டாம். அந்த மூன்று வாரத்தில் பச்சை மூடி போட்டுக்கொண்டு போனவர்களின் பில்களைத் தேடியெடுத்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஃபோர்மேன் சார் நூற்றிருபதையும் சில்லறை விடாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அது பிடித்திருந்தது. வேலை போகவில்லை. தண்டனையாக, மெஷின் சரியானபிறகும் என்னை நைட்ரஜன் பக்கம் விடவில்லை, இலவசப் பக்கம் மட்டும் என்றார்கள். சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆனால் உங்களிடம் நான் கொடுத்துவிட்டுப் போக நினைப்பது, முதலாளி வருவதற்கு முன்பு, ஏழு கார்களும் ஹாரன் அடித்துக்கொண்டு பூந்தமல்லிப் பக்கம் போனதற்கு அடுத்த நிமிடத்தை. இலவசப் பக்கம் ஒரு கால் டாக்ஸி வந்து நின்றது. இரவெல்லாம் ஓட்டிவிட்டு வந்த டிரைவர், கண் சிவந்திருந்தது.

"அக்கா, முப்பத்தஞ்சு அடிச்சு உடு. சீக்கிரம்."

குழாயை எடுத்த கையைக் கீழே இறக்கினேன். "கதவ தொற" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"உன் வண்டிக்கு எவ்ளோன்னு உள்ள எழுதிகீது. படிக்கணும்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே திறந்தான். தாளின் மேல் வருடக்கணக்கில் எண்ணெயும் புழுதியும் ஏறிக் கறுத்துப்போயிருந்தது. கட்டைவிரலை எச்சில் தொட்டுத் தேய்த்தேன். முதலில் ஒரு சக்கரத்தின் படம் வந்தது. அப்புறம் எண் வந்தது. இருபத்தொன்பது.

"ஆறு ஜாஸ்தியா ஓட்டிகினு கீற. எறக்கட்டா?"

அவன் தாளைப் பார்த்தான். குனிந்து, நடுவில் தேய்ந்திருந்த தன் டயரைப் பார்த்தான். பிறகு போர்டைப் பார்த்தான். உண்மையாகவே சந்தேகத்தோடுதான் கேட்டான்.

"காத்த எறக்குறதுக்கும் காசு கேப்பியாக்கா?"